ஒரு கராஜின் இரு குளிர்காலங்கள்

ஸ்காபரோவில் எங்கள் வீட்டின் பின்வளவில் நிற்கும் கராஜ் 1956ஆம் ஆண்டு கட்டப்பட்டது. 12 அடி அகலம், 20 அடி நீளம். கட்டியவர் ஒரு டச்சுக்காரத் தச்சர். போருக்குப் பின் நெதர்லாந்தை விட்டுப் புறப்பட்டு, 1951இல் ஹலிஃபக்ஸ் துறைமுகத்தில் இறங்கி, ரயிலேறி ரொறன்ரோவுக்கு வந்தவர். வீட்டையும் கராஜையும் நாற்பது ஆண்டுகள் ஆண்டுவிட்டு 1996இல் எங்களுக்கு விற்றார். அந்த நாற்பது ஆண்டுகளில் கார் ஒரு நாளும் உள்ளே நின்றதில்லை என்று சாவியைத் தரும்போது சொன்னார். கார் பனியில் நின்றால் துடைத்துவிடலாம், உளி நின்றால் துரு ஏறும் என்பது அவருடைய கணக்கு.

இன்று அந்தக் கராஜ் 20 அடி அகலமும் 24 அடி நீளமும் கொண்டது. 240 சதுர அடி 480 ஆகிவிட்டது. இப்போதும் உள்ளே கார் நிற்பதில்லை. தை மாதத்தில் வெளியே பூச்சியத்துக்குக் கீழே 18 பாகை செல்சியஸ் குளிரும் காலையில் உள்ளே 17 பாகை இருக்கிறது. மெல்லிய மேற்சட்டையோடு நின்று பலகை சீவுகிறேன். அவர் இதே இடத்தில், இதே மாதத்தில், கம்பளித் தொப்பியும் இரண்டு சுவெற்றரும் விரல்நுனி வெட்டிய கையுறையும் போட்டுக்கொண்டு நின்றவர்.

அவர் காலத்துக் கராஜ் எப்படி இருந்தது என்பதை நான் நன்றாக அறிவேன். வாங்கிய புதிதில் அதை அப்படியேதான் வைத்திருந்தேன். சுவருக்கு நிறுத்திய சட்டங்கள் உள்ளே இருந்து பார்த்தால் விலா எலும்புகள் போலத் தெரியும். அவற்றின் வெளிப்புறத்தில் ஓர் அங்குலப் பலகை, அதன்மேல் மரப் பூச்சு. சுவர் என்றால் அவ்வளவுதான். காற்றடிக்கும் நாளில் பலகைப் பொருத்துகளின் வழியே பனித்தூள் உள்ளே வந்து, தரையில் நேர்கோடாக வெள்ளை இழுத்திருக்கும். இரண்டு 60 வாற் மின்குமிழ்கள். வீட்டின் ஃபியூஸ் பெட்டியிலிருந்து வந்த ஒற்றைக் கம்பி. அந்தக் காலத்து வீடுகள் பலவற்றுக்கு வந்த மின்சாரமே மொத்தம் 60 அம்பியர்தான். மனைவி மின் அடுப்பைப் போட்டால் தன் வாளின் வேகம் குறைவது காதுக்குத் தெரியும் என்பார் அவர்.

மின்சாரம் பற்றி அவர் சொன்ன ஒரு கதையை இங்கே சேர்க்க வேண்டும். தென் ஒன்ராறியோவின் பெரும்பகுதியில் அப்போது நயாகரா நீர்வீழ்ச்சியிலிருந்து வந்த மின்சாரம் செக்கனுக்கு 25 சுழற்சி. விளக்கை உற்றுப் பார்த்தால் துடிப்பது தெரியுமாம். அதை 60 சுழற்சிக்கு மாற்றும் வேலை 1949இல் தொடங்கி 1959இல் முடிந்தது. பழைய மோட்டர்கள் புதிய மின்சாரத்துக்குப் பொருந்தாது என்பதால் மின்சாரசபையான ஹைட்ரோவின் ஆட்கள் வீடு வீடாக வந்து மோட்டர்களை மாற்றிக் கொடுத்தார்கள். வாடகை அறையில் இருந்த காலத்தில் தான் வாங்கி வைத்திருந்த பழைய வாளுக்குப் புதிய மோட்டர் கிடைத்ததை, இந்த நாடு தனக்குத் தந்த முதற்பரிசு என்று அவர் எண்பது வயதிலும் சொல்லிக்கொண்டிருந்தார்.

சூட்டுக்கு ஒரு 45 கலன் பீப்பாய். எண்ணெய் வந்த இரும்புப் பீப்பாயைப் படுக்கப் போட்டு, அடியில் நான்கு வார்ப்பிரும்புக் கால்களும் முகப்பில் ஒரு கதவும் பூட்டி, முதுகில் புகைக்குழாய் ஏற்றினால் அடுப்பாகிவிடும். அந்தக் கால்களும் கதவும் ஒரு பொதியாகக் கடையில் கிடைத்தன. சனிக்கிழமை வேலை செய்ய வேண்டுமென்றால் காலை ஏழு மணிக்கு நெருப்பு மூட்டுவார். ஒன்பது மணிக்குத்தான் இரும்பைத் தொட முடியும். அப்போதும் அடுப்பைப் பார்த்த பக்கம் வேர்க்கும், முதுகு விறைக்கும். அரைமணிக்கு ஒருமுறை வெட்டுத்துண்டுகளைப் போட வேண்டும். இரவு பத்து மணிக்கு நெருப்பு அணைந்தால், விடியுமுன் வாளியில் தண்ணீர் உறைந்து கிடக்கும். ஐந்து அடி தூரத்துக்கான சூடு அது. அந்த ஐந்து அடிக்குள் வேலைமேசையை அவர் அடுப்போடு ஒட்டி வைத்திருந்தார்.

அடுப்பின் முதுகில் எப்போதும் ஒரு செப்புச் சட்டி இருக்கும். வெளிச்சட்டியில் வெந்நீர், உள்ளே வச்சிரம். மாட்டுத் தோலும் எலும்பும் காய்ச்சி எடுத்த பசை. ஏறத்தாழ 60 பாகைச் சூட்டில் தேன்போல் இளகி நிற்கும், பலகையில் பூசியதும் ஆறி இறுகும். குளிர்ந்த மரத்தில் பூசினால் பொருத்துமுன்னரே பசை உறைந்துவிடும். எனவே ஒட்டப்போகும் பலகைகளையும் அடுப்பருகே நிறுத்திச் சூடேற்றுவார். அவர் மூட்டிய நெருப்பில் பாதி அவருக்கு, பாதி பசைக்கு.

அந்தச் சட்டியை முதன்முதல் பார்த்தபோது நான் சற்று நேரம் அங்கேயே நின்றுவிட்டேன். யாழ்ப்பாணத்துச் சுன்னாகத்தில் எங்கள் ஐயாவின் மரவேலைக் கொட்டிலிலும் ஒன்று இருந்தது. செம்புக்குப் பதில் கரிபிடித்த ஈயம் பூசிய சட்டி, இரும்பு அடுப்புக்குப் பதில் மூன்று கல். எரிப்பதற்கு அதே சீவல். மணமும் அதே மணம். ஆனால் ஐயாவின் கொட்டிலுக்குச் சுவர் கிடையாது. நாலு பனங்கால், மேலே கிடுகு. கொட்டில் என்பதே வெயிலைத் தடுக்கக் கட்டியது. சூடு கேட்காமல் வந்தது, நிழலைத்தான் தேட வேண்டியிருந்தது. இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை கிடுகு மாற்றும்போது அம்மாவும் மாமாமாரும் கூடி நின்று வேய்ந்து முடிப்பார்கள். ஒரு நாள் வேலை. அந்தக் கொட்டிலைப் பெருப்பிக்க வேண்டுமென்றால் இன்னும் இரண்டு பனங்காலை நட்டால் போதும்.

இங்கே பெருப்பிப்பது அப்படி முடியவில்லை. அதற்கு முன் பன்னிரண்டு குளிர்காலங்கள் குளிரோடு மல்லுக்கட்ட வேண்டியிருந்தது.

வீட்டுக் காப்புறுதிக்காரர் முதல் ஆண்டிலேயே பீப்பாய் அடுப்பைக் கழற்றச் சொன்னார். மரத்தூள், வார்னிஷ், பெற்றோல் கலன் வைக்கும் கட்டடத்தில் விறகு நெருப்பு கூடாது என்பது இப்போதைய விதி, நியாயமான விதியுங்கூட. கழற்றிவிட்டு 1500 வாற் மின் ஹீற்றர் ஒன்றை வைத்தேன். அது தருவது மணிக்கு 5,100 பி.ரி.யு. சூடு. அந்தப் பலகைச் சுவர்களுக்குள் அது கால் இரண்டையும் காய்ச்சிக்கொள்ளத்தான் போதும். அடுத்து வந்தது விமான இயந்திரம்போல் உறுமும் புரொப்பேன் ஹீற்றர். பத்து நிமிடத்தில் கோடைகாலத்தைக் கொண்டுவந்தது. ஆனால் ஒரு கிலோ புரொப்பேன் எரிந்தால் 1.6 கிலோ நீராவி உண்டாகும் என்பதை நான் அப்போது எண்ணிப் பார்க்கவில்லை. குழாய் இல்லாத ஹீற்றர் அந்த ஈரத்தையெல்லாம் அறைக்குள்ளேயே விட்டது. வேலை முடிந்து நிறுத்தியதும் குளிர்ந்து கிடந்த இரும்புகள் எல்லாவற்றிலும் அது வேர்வையாகப் படிந்தது. மேசைவாளின் வார்ப்பிரும்புத் தட்டு ஒரே வாரத்தில் செம்மண் நிறமாகியது. ஐயாவின் சீவுளியின் அலகிலும் துரு. அதைச் சாணைக்கல்லில் தீட்டி எடுத்த இரவு எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

துருவைவிடப் பெரிய ஆபத்து ஒன்று அதில் இருந்தது. 2008 டிசம்பரில் ஒன்ராறியோவின் வுட்ஸ்ரொக் நகரில், எரிவாயுக் கணப்பின் புகைவழி அடைபட்டு, காபனோரொட்சைட்டு வீட்டுக்குள் பரவி, ஹாக்கின்ஸ் குடும்பத்தில் தாய், தந்தை, இரு பிள்ளைகள் நால்வரும் இறந்தார்கள். அதன் பிறகு 2013இல் அவர்கள் பெயரால் ஹாக்கின்ஸ்-ஜின்யாக் சட்டம் நிறைவேறியது. எரிபொருள் எரியும் வீடுகளிலும் கராஜ் ஒட்டிய வீடுகளிலும் அந்த வாயுவை அறிவிக்கும் கருவி கட்டாயமாயிற்று. அந்த நால்வரும் இறந்த செய்தி வந்த வாரமே புரொப்பேன் ஹீற்றரை வெளியே எடுத்துவிட்டேன். கதவை இறுகச் சாத்திக்கொண்டு அதன் முன் மணிக்கணக்கில் நின்றிருக்கிறேன். மணமும் நிறமும் இல்லாத ஒன்றுக்குப் பக்கத்தில் எத்தனை இரவு நின்றேனோ என்று இப்போதும் நினைத்துப் பார்ப்பேன். பீப்பாய் அடுப்பும் அந்த நச்சை உண்டாக்கியிருக்கும். டச்சுக்காரரைக் காத்தவை புகைக்குழாயும் பலகைகளுக்கிடையே ஓடிய ஓட்டைகளும்தாம்.

2009 வசந்தத்தில் கராஜைப் பெருப்பிக்க முடிவெடுத்தேன். அவர் 1956இல் தன் கராஜுக்கு வரைந்த படம் ஒரு சீமெந்துப் பையின் பின்புறத்தில் இருந்தது, அதை வீட்டோடு எனக்குத் தந்திருந்தார். நான் நகரசபைக்குக் கொடுத்தது ஆறு தாள். எல்லைக்கோட்டிலிருந்து தூரம், கூரையின் சுமை, மழைநீர் ஓடும் திசை. அனுமதி வர ஏழு வாரம். அத்திவாரத்தை, சட்டங்களை, முடிந்த கட்டடத்தை என்று மூன்று முறை ஆய்வாளர் வந்தார். தாமதம் எரிச்சல் தந்தது உண்மை. ஆனால் இன்று கூரைமேல் இரண்டடி பனி ஏறி நிற்கும் இரவில் நான் நிம்மதியாகத் தூங்குவதற்கு அந்த ஆறு தாளும் ஒரு காரணம்.

பக்கச் சுவரையும் பின்சுவரையும் உடைத்தோம். தொழிற்கூடத்தின் சுவரை உடைப்பதற்கு இந்த ஊர்ப்பக்கம் பெரிய முன்னோடி ஒருவர் உண்டு. ஹென்றி ஃபோர்ட் 1896 ஜூன் மாதம் டெற்ரொயிற்றில், பாக்லி வீதியில் வாடகை வீட்டின் பின்னால் இருந்த செங்கற் கொட்டிலில் தன் முதல் வண்டியைச் செய்து முடித்தார். முடித்த பிறகுதான் வண்டி கதவைவிட அகலம் என்பது தெரிந்தது. கோடரியால் சுவரை உடைத்து வண்டியை வெளியே எடுத்தார். உள்ளே நடக்கும் வேலை வளர்வது சுவருக்குத் தெரியாது.

எங்கள் சுவருக்குள் இருந்து வெளிவந்தவை சில பழுத்த பத்திரிகைத் தாள்கள், ஒரு தட்டைப் பென்சில், பிறகு மரம். வேலைத்தலத்தில் எல்லோரும் 'ரூ பை ஃபோர்' என்று சொல்லும் சட்டம்தான். ஆனால் 1956இன் சட்டம் மூன்றேமுக்கால் அங்குலத்துக்கு அரைக்கால் குறைவாக, அதாவது மூன்றே ஐந்தின்கீழ் எட்டு அங்குலம் இருந்தது. 1960களின் இறுதியில் அளவு மாறியதால் நான் வாங்கிய புதிய சட்டம் மூன்றரை அங்குலம். முன்சுவரைப் பக்கவாட்டில் நீட்டியபோது பழைய பாதிக்கும் புதிய பாதிக்கும் இடையில் அரைக்கால் அங்குலப் படி விழுந்தது. மெல்லிய சிலாகைகளைக் கிழித்து, புதிய சட்டம் ஒவ்வொன்றின் முகத்திலும் அடித்துச் சமன் செய்தோம். பழைய சட்டத்தின் வெட்டுமுகத்தில் ஓர் அங்குலத்துக்குள் இருபத்திரண்டு வளையம் எண்ணினேன். புதியதில் ஏழு. அது காட்டில் மெல்ல வளர்ந்த மரம், இது வெட்டுவதற்கென்று நட்டு விரைவில் வளர்ந்த மரம். உடைத்தெடுத்த பழைய சட்டங்களில் ஒன்றையும் நான் வீசவில்லை. இன்றைய என் வேலைமேசையின் கால்கள் அவைதாம்.

தரை இன்னொரு கதை. பழைய கராஜ் நாலங்குலக் கொங்கிறீற் தட்டின்மேல் மிதந்துகொண்டிருந்தது. குளிர்காலத்தில் நிலம் உறையும்போது மண்ணிலுள்ள நீர் பனிக்கட்டியாகி மேலே தள்ளும். மாசி மாதத்தில் தட்டின் ஒரு மூலை விரற்கடை உயர்ந்து கதவு இறுகிவிடும். சித்திரையில் தானாக இறங்கும். டச்சுக்காரர் இதற்காகவே கதவின் அடியைச் சாய்வாகச் சீவி வைத்திருந்தார். புதிய பகுதிக்கு உறைபனி எட்டாத நாலடி ஆழத்துக்குத் தோண்டி அத்திவாரம் போட்டோம். தென் ஒன்ராறியோவில் அதுதான் கணக்கு. தட்டுக்கு அடியில் இரண்டங்குல நுரைப்பலகை விரித்தோம். பழைய தட்டின்மேல் நுரைப்பலகையும் ஒட்டுப்பலகையும் பரப்பினோம். குளிர் முதலில் ஏறுவது உள்ளங்காலில். அறை எவ்வளவு சூடாக இருந்தாலும் கொங்கிறீற்றில் நாலு மணி நேரம் நின்றால் முழங்காலுக்குத் தெரிந்துவிடும். அவருடைய முழங்கால் இரண்டும் அறுபது வயதில் போய்விட்டன.

சுவருக்குச் சட்டங்களிடையே கனிமக் கம்பளி, வெளியே இரண்டங்குல நுரைப்பலகை, உள்ளே காற்றும் ஈரமும் புகாத பொலித்தீன் விரிப்பு. வெப்பத்தைத் தடுக்கும் திறனை இங்கே 'ஆர்' மதிப்பால் அளப்பார்கள். பழைய பலகைச் சுவருக்கு அது இரண்டரை இருந்திருக்கும். புதியதற்கு 24. மரச்சட்டங்கள் வழியே கசிவதைக் கழித்தாலும், முன்பு ஒரு சதுர அடியால் வெளியேறிய சூட்டில் எட்டில் ஒரு பங்குதான் இப்போது போகிறது. ஐயாவின் கிடுகுக் கொட்டிலைப் பார்த்து வளர்ந்த எனக்கு இந்த ஒரு விஷயம் பிடிபட நெடுங்காலம் எடுத்தது. பன்னிரண்டு ஆண்டுகள் நான் சூட்டைக் கூட்டிக்கொண்டே இருந்தேன். செய்ய வேண்டியிருந்தது இருக்கும் சூட்டை வெளியே விடாமல் பிடித்து வைப்பது.

எரிவாயு அல்பேர்ட்டாவிலிருந்து நீண்ட குழாய்வழியே ஒன்ராறியோவுக்கு வந்தது 1958இல். கராஜ் கட்டி இரண்டு ஆண்டு கழித்து. டச்சுக்காரர் வீட்டுக்கு அதை எடுத்தார், கராஜுக்கு எடுக்கவில்லை. நான் 2009இல் எடுத்தேன். கூரையில் தொங்கும் ஹீற்றர், 45,000 பி.ரி.யு., புகை வெளியே போகக் குழாய். அது நன்றாகவே வேலை செய்தது. ஆனால் கட்டடம் இறுகிவிட்டதால் அது ஐந்து நிமிடம் எரியும், இருபது நிமிடம் ஓயும், மீண்டும் உறுமும். தேவைக்கு மிஞ்சிய ஹீற்றர். 2021இல் அதை மாற்றி 12,000 பி.ரி.யு. ஹீற் பம்ப் பூட்டினேன். வெளியே உள்ள குளிர்க் காற்றிலிருந்தே சூட்டை உறிஞ்சி உள்ளே தள்ளும் இயந்திரம். இதமான நாளில் ஓர் அலகு மின்சாரத்துக்கு மூன்று அலகு சூடு வரும், கடுங்குளிரில் இரண்டுக்கும் கீழே இறங்கும், ஆனால் பூச்சியத்துக்குக் கீழே 25 பாகையிலும் நிற்காது. அந்த மின்சாரத்துக்கு ஒன்ராறியோ நிலக்கரி எரிப்பதை 2014இல் நிறுத்திவிட்டது. அதே பரப்புக்கு முன்னையதில் கால்பங்கு வலுவுள்ள ஹீற்றர். நெருப்பு எங்கேயும் இல்லை. சுவரில் ஒரு வெள்ளைப் பெட்டி, மெல்லிய காற்றின் ஓசை. ஆளில்லாதபோது 10 பாகை, வேலை நேரத்தில் 17. மகன் வேலையிலிருந்து வரும் வழியிலேயே தன் கைபேசியில் அதை ஏற்றிவைத்துவிடுவான்.

கிடைத்தது பெரிது, அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். மார்கழி நடுவிலிருந்து பங்குனி நடுவரை மூன்று மாதம் எனக்குத் திரும்பக் கிடைத்திருக்கிறது. டச்சுக்காரர் அந்த மாதங்களில் பெரும்பாலும் வாள் தீட்டுவார், படம் வரைவார், சின்னச் சின்னக் கைப்பிடிகள் கடைவார். பெரிய பொருத்து வேலை எதையும் தொடமாட்டார். நான் போன தை மாதம் ஒரு மேப்பிள் மேசையை முழுதாகச் செய்து முடித்தேன். பலகை விறைப்பதில்லை, பசை உறைவதில்லை, விரல் மரத்துப்போய் உளி நழுவுவதில்லை. அவருடைய இடது கைச் சுட்டுவிரலில் ஒரு பெரிய தழும்பு இருந்தது, மாசி மாதத்தில் வந்தது என்பார்.

போனதையும் அதே அளவு துல்லியமாகச் சொல்ல வேண்டும். அடுப்பைக் கழற்றுவதற்கு முன், 1996 குளிர்காலத்தில் நான் இரண்டு மாலை மட்டும் அதை மூட்டினேன். முதல் மாலை புகை எழுந்து கால்மணி இருக்கும், கதவில் தட்டும் சத்தம். மூன்றாம் வீட்டு இத்தாலிய முதியவர், கையில் மடக்குநாற்காலியோடு நின்றார். அவர் கொத்தனாராக இருந்து ஓய்வு பெற்றவர். புகையைப் பார்த்ததும் வழக்கம்போல் வந்துவிட்டாராம். வீடு கைமாறியது அவருக்குத் தெரியும், ஆனால் புகைக்கு அது தெரியாதே என்பதுபோல் உள்ளே வந்து, அடுப்பின் வலப்பக்கத்தில் நாற்காலியை விரித்து உட்கார்ந்தார். நாற்பது ஆண்டுகளாக அவருடைய இடம் அது. ஸ்கொட்லாந்துக்காரர் ஒருவரும் போலந்துக்காரர் ஒருவரும் எதிரே உட்காருவார்களாம். எனக்கும் அவருக்கும் பொதுவாக இருந்த ஆங்கிலம் மிகக் குறைவு. அவர் ஒரு பலகைத் துண்டைக் காட்டி இத்தாலிய மொழியில் அதன் பெயரைச் சொல்வார், நான் தமிழில் சொல்வேன். இரண்டு மணி நேரம் இருந்தார். இரண்டாம் மாலையும் வந்தார். போகும்போது நாற்காலியைச் சுவரில் ஓர் ஆணியில் மாட்டிவிட்டுப் போனார்.

அடுப்புப் போன பிறகு அவர் வரவில்லை. அழைத்துப் பார்த்தேன், தலையாட்டினார், வரவில்லை. அழைப்பு வேறு, புகை வேறு. புகை இன்னாருக்கென்று எழுவதில்லை. இப்போது நான் உள்ளே இருக்கிறேனா இல்லையா என்பது பக்கத்து வீட்டுக்குக்கூடத் தெரியாது. சத்தம் வெளியே போகாத சுவர், சூடு வெளியே போகாத கதவு. கதவைத் திறந்து வைத்தால் ஹீற் பம்ப் உறுமத் தொடங்கும், அதனால் நானே எழுந்துபோய்ச் சாத்திவிடுகிறேன். வெட்டுத்துண்டுகளும் அப்படியே. முன்பு மாலைக்குள் எரிந்து சாம்பலாகி அவருடைய ரோசாச் செடிகளுக்குப் போனவை இன்று மூட்டை மூட்டையாகச் சேர்ந்து, வடக்கே விறகடுப்பு வைத்திருக்கும் ஒரு நண்பரின் வண்டிக்காகக் காத்திருக்கின்றன.

டச்சுக்காரர் 2010 தையில் ஒரு முறை வந்து பார்த்தார். மகளின் கையைப் பிடித்துக்கொண்டு வாசலில் நின்று, உள்ளே வந்த காற்று கன்னத்தில் படட்டும் என்பதுபோல் சற்று நேரம் கண்ணை மூடினார். பிறகு சுவரைத் தட்டிப் பார்த்தார், தன் பழைய சட்டங்களில் செய்த மேசைக் கால்களைத் தடவினார். அடுப்பிருந்த இடத்தில் போய் நின்று, "இங்கே நின்றால் இப்போது எந்தப் பக்கம் சூடு?" என்று கேட்டார். எல்லாப் பக்கமும் என்றேன். தலையை ஆட்டினார். இத்தாலிக்காரரின் நாற்காலி ஆணியில் தொங்குவதைப் பார்த்து அதை எடுத்து விரித்து உட்கார்ந்தார். அடுத்த ஆண்டு அவர் காலமானார்.

சூடு மரத்துக்குச் செய்வது என்ன என்பதை எனக்குக் கற்றுத் தந்தது ஒரு பெட்டகம். ஐயா தன் கலியாணத்துக்கு முன் பலாமரத்தில் செய்தது. 1999இல் அம்மாவோடு கடல்வழியாக வந்து சேர்ந்தது. யாழ்ப்பாணத்துக் கடற்காற்றில் மரத்துக்குள் சுமார் 14 சதவீத ஈரம் எப்போதும் இருக்கும். இங்கே குளிர்காலத்தில் ஹீற்றர் ஓடும் வீட்டுக்குள் அது 5 சதவீதத்துக்கு வற்றிவிடும். மரம் சுருங்கும். சுருங்க இடமில்லாவிட்டால் வெடிக்கும். முதல் தை மாதத்தில் ஓர் இரவு துப்பாக்கி வெடித்ததுபோல் சத்தம் கேட்டு எழுந்து வந்தோம். பதினெட்டு அங்குல அகல மூடியில் நுனிமுதல் அடிவரை ஒரு வெடிப்பு. அம்மா ஒன்றும் சொல்லவில்லை. கையால் வெடிப்பைத் தடவிவிட்டுப் போய்ப் படுத்தார்.

அடுத்த கிழமை அதைப் பழைய கராஜுக்குக் கொண்டுபோய் மின் ஹீற்றரின் முன்னால் வைத்துக் கடையில் வாங்கிய வெள்ளைப் பசையால் ஒட்டினேன். பலகையின் சூடு நாலு பாகை இருந்திருக்கும். அந்தப் பசைக்குப் பத்துப் பாகையாவது வேண்டும். மறுநாள் இறுக்கிகளைக் கழற்றியபோது பொருத்துக்குள் பசை சுண்ணாம்புப் பொடியாய் உதிர்ந்தது.

பத்து ஆண்டு கழித்து, சூடான புதிய பட்டறையில் மீண்டும் எடுத்தேன். இம்முறை வச்சிரம் காய்ச்சினேன், டச்சுக்காரர் விட்டுச் சென்ற செப்புச் சட்டியில், மின் தட்டின்மேல். ஐயா ஒட்டியதும் அதே பசையால் என்பதால் பழையதோடு புதியது சேரும். ஒட்டி முடித்த பிறகு மூடியின் அடியில் குறுக்கே ஐயா இறுக்கி அறைந்திருந்த இரண்டு சட்டங்களையும் கழற்றினேன். சுன்னாகத்தில் அவை மூடியை வளையாமல் காத்தவை, இங்கே அதைச் சுருங்க விடாமல் பிடித்து வெடிக்க வைத்தவை. திருகாணித் துளைகளை நீள்துளைகளாக்கி, மரம் இருபக்கமும் நகர இடம் விட்டுத் திரும்பப் பூட்டினேன்.

அதன் பிறகு வெடிப்பில்லை. மூடி மட்டும் ஆண்டுதோறும் போய் வருகிறது. ஆடியில் அது பெட்டகத்தின் பக்கப்பலகையோடு சரியாக ஒட்டி நிற்கும். மாசியில் நாலு மில்லிமீற்றர் உள்ளே போயிருக்கும். விளிம்பின் உட்புறத்தில் நான் பென்சிலால் கோடிட்டு ஆண்டைக் குறித்து வருகிறேன். 2010இலிருந்து பதினாறு கோடுகள். அவற்றுக்குச் சற்று மேலே, ஐயா அறுப்பதற்காக இழுத்து, சீவாமல் விட்ட பழைய கோடு ஒன்றும் அழியாமல் இருக்கிறது.